கிளிப்பச்சை ஓரம்

"புது விதிப் புத்தகம் வந்துடுச்சு மேடம். பழைய புத்தகத்துலேர்ந்து கேட்டீங்கன்னா அது செல்லாது. புதுசுலேர்ந்து கேட்டீங்கன்னா, அதை நாங்க யாரும் இன்னும் படிக்கலை."

மின் ஆய்வு அலுவலகத்தின் கவுண்டரில் இருந்தவர் இதைச் சொல்லிவிட்டு, எங்கள் முகத்துக்கு நேராகக் கண்ணாடி ஜன்னலை இழுத்துச் சாத்தினார். உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே நாங்கள் வெந்துகொண்டிருந்தோம்.

"மேல் மாடிக்குப் போகச் சொன்னாங்க, போனோம். மேல இருக்கிறவர் கீழ போகச் சொன்னார், வந்தோம். இனிமே பக்கவாட்டுலதான் போகணும் மேடம்" என்றேன்.

மேடம் சிரிக்கவில்லை. அவர் சிரிக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலுக்கு வாய் அதன் பாட்டுக்குப் பேசும்.

மேடம் என்பவர் என் முதலாளி. துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில், நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களிடம் "கிடையாது" என்று சொல்லும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். பொய்யை மூக்காலேயே மோப்பம் பிடிப்பார். நான் அவருக்கு உதவியாளன், வண்டியோட்டி, மற்ற நேரங்களில் திட்டு வாங்குகிறவன். வழக்கமாக எந்தக் கேஸையும் நான் வேடிக்கை பார்க்கிற மாதிரிதான் பார்ப்பேன். இந்தக் கேஸில் முடியவில்லை. இதைக் கொண்டுவந்தவள் என் அக்கா. லாக்கப்பில் உட்கார்ந்திருப்பவர் அவள் கணவர், என் மாமா.

மாமா வயர்மேன். கூரையில் சோலார், அதற்கு பேட்டரி, காருக்கு சார்ஜர் எல்லாம் மாட்டித் தருகிற ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை. அவர் வேலை செய்த ஒரு வீட்டில் கார் சார்ஜர் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் ஓடி வந்து, வாசல் சுவரில் இருந்த சிவப்பு ஸ்விட்சைத் திருப்பிவிட்டுத்தான் கொட்டகைக் கூரையில் ஏறினார். புது விதிப்படி அந்த ஸ்விட்ச் ஒவ்வொரு வீட்டிலும் வெளிச்சுவரில், கையெட்டும் உயரத்தில் இருந்தே ஆகவேண்டும். மெயினை அணைக்கலாம், சூரியனை அணைக்க முடியாதே! அதனால் அதை ஒரு திருப்புத் திருப்பினால் சோலார், பேட்டரி, சார்ஜர் மூன்றும் ஒன்றாக ஊமையாகிவிட வேண்டும். அவர் திருப்பினார். ஒன்றும் ஊமையாகவில்லை. கூரையில் கை வைத்தவரை மின்சாரம் தூக்கி எறிந்தது. இடுப்பு எலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

பிறகு ஸ்விட்சைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு மண்ணும் இல்லை. வெறும் டப்பா. வயர்களை நேராக முறுக்கிவிட்டு மேலே ஒரு கைப்பிடியை மாட்டியிருந்தார்கள்.

"நான் அசல் ஸ்விட்ச்தான் வாங்கிக் கொடுத்தேன்" என்றார் காண்ட்ராக்டர். "நான் சோதனைக்குப் போனபோது அசல்தான் இருந்தது" என்றார் மின் ஆய்வாளர். ஆகவே சோதனை முடிந்ததும் அசலைக் கழற்றி விற்றுத் தின்றது வயர்மேன்தான் என்று போலீஸ் முடிவு கட்டிவிட்டது. நாளை காலை கோர்ட். அதற்குள் அசல் ஸ்விட்ச் எங்கே என்று சொல்ல முடியாவிட்டால், மாமா உள்ளே போவார். மாமாவோ, கேட்டதற்கெல்லாம் "நான் விக்கலை" என்ற ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மண்டை காய்ந்தது.

"இங்க நின்னு பிரயோஜனம் இல்லை. தீப்பிடிச்ச வீட்டுக்குப் போவோம்" என்றார் மேடம்.

"நேத்தே பார்த்தோமே?"

"நேத்து தீயைப் பார்த்தோம். இன்னைக்குச் சுவரைப் பார்ப்போம்."

*

அந்த வீட்டுச் சுவரைப் பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம். கிளிப்பச்சை. தெருமுனையிலிருந்தே கண்ணைக் குத்தும்.

வாசலில் வீட்டுக்காரர் நின்றிருந்தார். கார் போனது, கொட்டகை போனது, கூரை பாதி போனது. ஆனால் கோபம் மட்டும் முழுசாக மிச்சமிருந்தது.

"கலர் என் வீட்டம்மா செலக்‌ஷன்" என்றார், நாங்கள் கேட்காமலேயே. "எரியாம நின்னது அது ஒண்ணுதான்."

போலீஸ் அந்த வெற்று டப்பாவைக் கழற்றிக் கொண்டுபோயிருந்தது. அது இருந்த இடத்தில் இரண்டு ஆணித்துளைகள். அவற்றைச் சுற்றி பெயிண்ட் படாத சிமெண்ட், சதுரமாக.

"இது என்ன சார், இங்க மட்டும் பச்சை இல்லை?" என்று கேட்டார் மேடம்.

"பெயிண்டர் வேலை. சோதனைக்கு ஆள் வர்றாங்கன்னு அவசரமா அடிக்கச் சொன்னேன். ஸ்விட்சைக் கழட்டிட்டு அடிக்கணும்ல? சோம்பேறி, சுத்தி அடிச்சுட்டுப் போயிட்டான்."

"எல்லாப் பெயிண்டரும் அப்படித்தான் சார். படம் மாட்டியிருந்தா படத்தைச் சுத்தி அடிப்பாங்க. நீங்க அசையாம நின்னா உங்களையும் சுத்தி அடிச்சுருப்பாங்க" என்றேன்.

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சுவரின் சிமெண்ட் சதுரத்தில் தன் உள்ளங்கையை வைத்தார். விரல்களை விரித்தார். கை முழுவதும் சதுரத்துக்குள் அடங்கியது.

"ஸ்டேஷன்ல அந்த டப்பாவைப் பார்த்தியே, எவ்வளவு பெருசு இருந்துச்சு?"

"சோப்பு டப்பா அளவு."

"இது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சுவரில் இருந்த சதுரம் ஒரு பெரிய டிபன் டப்பா அளவு இருந்தது. சோப்பு டப்பாவைச் சுற்றி அடித்தால் சோப்பு டப்பா அளவுக்குத்தானே சிமெண்ட் தெரியவேண்டும்?

"அப்ப பெயிண்ட் அடிக்கிறப்ப பெரிய ஸ்விட்ச் இருந்திருக்கு. அப்புறம்தான் யாரோ மாத்தியிருக்காங்க!"

"அதைத்தான் நானும் கேட்டேன்!" வீட்டுக்காரர் கத்தினார். "சோதனை முடிஞ்ச மறுநாள் பார்த்தா ஸ்விட்சைச் சுத்தி சிமெண்ட் தெரியுது. அசிங்கமா இருக்கு, வந்து சரி பண்ணுங்கன்னு காண்ட்ராக்டருக்குப் போன் பண்ணேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? வெயில்ல பெயிண்ட் சுருங்கிடுச்சாம்!"

"பெயிண்ட் சுருங்குமா சார்?"

"சுருங்காதுன்னு எனக்குத் தெரியாதாய்யா? ஆனா அவர் அவ்வளவு நம்பிக்கையா சொன்னா நான் என்ன பண்றது?"

மேடம் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"மேடம், இதைக் கொண்டுபோய் போலீஸ்ல காட்டுவோம்."

"காட்டி? மாத்தினது உன் மாமாதான்னு சொல்லுவாங்க. அதுக்கு இந்தச் சுவர் பதில் சொல்லாது." நின்றார். "புது விதி வந்ததுலேர்ந்து அந்த ஸ்விட்ச் கடையில கிடைக்குதா?"

"எங்க கிடைக்குது? பேர் கொடுத்துட்டு மாசக்கணக்கா காத்திருக்காங்க. விதி வந்துடுச்சு, சாமான் வரலை."

"அப்ப கையில ஒரே ஒரு ஸ்விட்ச் வெச்சிருக்கிறவன், கிடைக்காத பொருளை வித்துட்டுச் சும்மா உட்காருவானா?"

"மாட்டான். அதை..." என் வாய் தானாக மூடிக்கொண்டது. "ஒவ்வொரு வீட்லயும் மாட்டிக் காட்டிட்டுக் கழட்டிக்குவான். கல்யாணத்துக்குக் கல்யாணம் போற இரவல் நகை மாதிரி!"

"நகையைத் தேட வேண்டாம். கல்யாணம் எங்கன்னு தேடு. மின் ஆய்வாளர் இன்னைக்கு எந்த வீட்டுக்குப் போறாரோ, அங்க அவருக்கு முன்னாடியே அந்த ஸ்விட்ச் போய் உட்கார்ந்திருக்கும். அதோட ஓரத்துல கிளிப்பச்சை இருக்கும்."

*

ஆய்வாளர் எங்கே போகிறார் என்று அலுவலகத்தில் கேட்டிருந்தால் அதற்கும் ஒரு புத்தகம் காட்டியிருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை. வாசலில் காத்திருந்து அவருடைய ஜீப்பைப் பின்தொடர்ந்தோம்.

பின்தொடர்ந்தோம் என்று எழுதுவது சுலபம். என் வண்டி மின்சார ஸ்கூட்டர். காலையில் சார்ஜ் போடப் போன இடத்தில் "புதிய விதிகளுக்கு ஏற்ப மாற்றப்படுகிறது" என்று பலகை தொங்கியது. அடுத்த இடத்தில் பலகைகூட இல்லை, பூட்டுதான். இப்போது பேட்டரியின் சிவப்புக் கோடு கண்ணடித்துக்கொண்டிருந்தது. பின்னால் மேடம்.

"இன்னும் வேகமா போ."

"இதுக்கு மேல வேகம்னா நான் இறங்கி ஓடணும் மேடம்."

"அப்ப இறங்கு."

விளையாட்டுக்குச் சொன்னார் என்று நினைத்தேன். ஜீப் ஒரு சந்தில் திரும்பியது. சந்து முனையில் என் வண்டி ஒரு முனகல் முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை ஓர் உதை உதைத்தேன். வலித்தது எனக்குத்தான். அதற்குள் மேடம் இறங்கி விறுவிறுவென்று நடந்து பாதி சந்தைத் தாண்டியிருந்தார்.

நல்ல வேளை, ஜீப் அதே சந்தில் ஒரு புது வீட்டு வாசலில் நின்றது. பெயிண்ட் வாசனை தெரு வரை வந்தது. சுவர் தும்பைப்பூ வெள்ளை. ஆய்வாளர் கையில் பேனாவுடன் நின்றார். பக்கத்தில் காண்ட்ராக்டர், வாயெல்லாம் பல்லாக. வாசல் சுவரில் சிவப்பு ஸ்விட்ச், டிபன் டப்பா அளவில்.

"யாரும்மா நீங்க?" என்றார் ஆய்வாளர்.

"பார்வையாளர்" என்றார் மேடம். "இந்த ஸ்விட்ச் நல்லா இருக்கே. போன தடவை கிளிப்பச்சை வீட்ல பார்த்தீங்களே, அதே மாதிரி இருக்கு."

"எல்லா ஸ்விட்சும் ஒரே மாதிரிதான்மா இருக்கும்."

"எல்லாத்துக்கும் கிளிப்பச்சை ஓரம் இருக்குமா?"

ஆய்வாளர் குனிந்தார். வெள்ளைச் சுவரை ஒட்டிய டப்பாவின் விளிம்பில், பிரஷ் உரசிய இடமெல்லாம் வெள்ளை. மேடம் தன் வீட்டுச் சாவியால் அந்த வெள்ளையை லேசாகச் சுரண்டினார். அடியில் கிளிப்பச்சை எட்டிப் பார்த்தது. இன்னும் சுரண்டினார். மஞ்சள் வந்தது.

"இந்த டப்பா எத்தனை வீட்டுக்கு விருந்தாளியா போயிருக்கு பாருங்க. ஒவ்வொரு வீட்லயும் பெயிண்டர் சுத்தி அடிச்சு அனுப்பியிருக்கான். இந்த வீட்ல இதை மாட்டினது யாரு? வயர்மேன் லாக்கப்ல இருக்கார். அவர் ஜன்னல் வழியா கையை நீட்டி மாட்டினாரா?"

நான் கை தட்டாத குறை. மாமா தப்பித்தார்! ஆய்வாளர் முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது. ஒரே ஸ்விட்சுக்கு வீடு வீடாகப் போய்க் கையெழுத்துப் போட்டவர் அவர்தானே.

"பதறாதீங்க" என்றார் மேடம் அவரிடம். "நீங்களே கண்டுபிடிச்சதா எழுதிக்குங்க. டப்பாவை மட்டும் சீல் வெச்சுடுங்க."

ஆய்வாளருக்கு உயிர் வந்தது. சீல் வைக்கச் சாமான் எடுக்க ஜீப்புக்கு ஓடினார்.

காண்ட்ராக்டர் ஓடவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நிதானமாக என் அருகில் வந்து தோளில் கை போட்டார்.

"தம்பி, நீ அவனோட மச்சான்தானே? மஞ்சளோட ஏன் நிறுத்திட்டீங்க? இன்னும் கொஞ்சம் சுரண்டிப் பாரு."

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் சாவியை என்னிடம் நீட்டினார். சுரண்டினேன்.

மஞ்சளுக்கு அடியில் ஒரு நிறம் இருந்தது. கத்தரிப்பூவும் இல்லை, காவியும் இல்லை. எந்தக் கடையிலும் கிடைக்காத நிறம். கிடைக்காது என்று எனக்குத் தெரியும். பெயிண்டர் வைக்கக் கட்டுப்படியாகவில்லை என்று அக்கா சொன்னபோது, மிச்சமிருந்த இரண்டு டின்களைக் கலந்து அவள் வீட்டு வாசல் சுவருக்கு அடித்தவன் நான்தான். ஸ்விட்சைக் கழற்றாமல் சுற்றி அடித்த சோம்பேறியும் நான்தான்.

"இதை முதன்முதலா கழட்டி என் கையில கொடுத்தது உன் மாமன், அவன் வீட்டுச் சுவத்துலேர்ந்து" என்றார் காண்ட்ராக்டர். "வழி காட்டினவனே அவன்தான்னு சொல்லுவேன். வித்ததும் அவன்தான்னு சொல்லுவேன். உன் மேடம்கிட்ட சொல்லி இதை இதோட விடச் சொல்லு. நானும் அவனுக்கு நல்ல வக்கீலா பார்த்துத் தர்றேன். உள்ள போனாலும் சீக்கிரம் வந்துடுவான்."

மேடம்தான் அவர் கையை என் தோளிலிருந்து எடுத்துவிட்டார்.

"கைரேகை விழுந்துடப் போகுது" என்றார்.

*

அக்கா வீட்டுக்குப் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் மாமாவை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மனுஷன்! கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பினால், வெட்டியவனுக்குத்தானே முதலில் தெரியவேண்டும்?

வெளிச்சம் இன்னும் இருந்தது. வராந்தாவில் அக்காவின் ஸ்கூட்டர் சார்ஜில் நின்றது. சார்ஜரில் பச்சை விளக்கு. வாசல் சுவரில் நான் அடித்த அதே நிறத்துக்கு நடுவில் ஒரு சிவப்பு டப்பா, சோப்பு டப்பா அளவில். சுற்றிலும் சிமெண்ட் தெரிந்தது. எத்தனை தடவை இதைத் தாண்டி உள்ளே போயிருக்கிறேன்! ஊரான் வீட்டுச் சுவரை அளக்கத் தெரிந்தது, சொந்த அக்கா வீட்டுச் சுவரைப் பார்க்கத் தெரியவில்லை.

கைப்பிடியைத் திருப்பினேன். முழுசாக, சத்தம் வரும் வரை.

பச்சை விளக்கு அப்படியே எரிந்தது.

அக்கா வாசலில் வந்து நின்றாள். என் கையையும் ஸ்விட்சையும் பார்த்தாள்.

"அது வேலை செய்யாதுடா" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"கழட்டும்போது நான்தான் டார்ச் பிடிச்சேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "தெரிஞ்சும் ஏன்கா சொல்லலை? ரெண்டு நாளா நாயா அலையறேன்! நாளைக்குக் கோர்ட்டு!"

"என்னன்னு சொல்றது? முதலாளி வந்து நின்னார். நாளைக்கு ஒரு வீட்ல சோதனை, ஸ்விட்ச் கிடைக்கலை, ஒரு நாளைக்குக் கொடு, புதுசு வந்ததும் மாட்டிடலாம்னார். வேலை கொடுக்கிறவர் கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியுமா? இவரும் கொடுத்தார். அது திரும்பி வரவே இல்லை. அப்புறம் அதையே வழக்கமாக்கிட்டார். இவர் ஒவ்வொரு வீட்லயும் மாட்டுவார், சோதனை முடிஞ்சதும் முதலாளி கழட்டிக்குவார். கேட்டா, புதுசு வந்துட்டே இருக்குன்னு பதில். அந்தப் பச்சை வீட்ல கழட்டினதும் முதலாளிதான். ஆனா இதைச் சொன்னா லைசென்ஸ் போயிடும்னு இவர் வாயை மூடிக்கிட்டார். என்னையும் மூடச் சொன்னார்."

மேடம் சொன்னார்: "நான் உண்மையைச் சொல்லிடறேன்மா. டப்பாவை மட்டும் காட்டினா, உன் வீட்டுக்காரர் தனக்கு வித்ததா அந்த ஆள் சொல்லுவான். முதல்லேர்ந்து எல்லாத்தையும் சொன்னாத்தான் அவன் மாட்டுவான். சொன்னா ஜெயில்லேர்ந்து தப்பிக்கலாம், அதுவும் நிச்சயம்னு சொல்ல மாட்டேன். லைசென்ஸ் நிச்சயமா போகும். அதுக்கப்புறம் அவர் ஒரு பல்பு மாட்டினாலும் யாரும் கூலி தரமாட்டாங்க. நீ வேண்டாம்னு சொன்னா நான் போலீசுக்கு எதையும் எழுதிக் கொடுக்கலை. கேஸ் கொடுத்தது நீ."

அக்கா சார்ஜரின் பிளக்கைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. படியில் உட்கார்ந்தாள்.

"நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்" என்றாள். "அந்த தீயணைப்புக்காரரைப் பார்த்து இவர் பண்ணலைன்னு சொல்லலாம்னு போனேன். உள்ள விடலை. வெளிய பெஞ்சுல அவர் பொண்டாட்டி உட்கார்ந்திருந்தா. நான் யாருன்னு அவளுக்குத் தெரியலை. நானும் யாருக்காகவோ அழறேன்னு நினைச்சு, போய் எனக்கு ஒரு டீ வாங்கிட்டு வந்தா. வேண்டாம்னு சொல்ல வாய் வரலைடா. அவ புருஷனை விழ வெச்சவரோட வீட்டுக்காரி நான், அவ கையால டீ குடிச்சுட்டு வந்தேன்."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னிடம் இருந்ததெல்லாம் நக்கல்தான், அது இங்கே உதவாது.

"வெறும் டப்பா தொங்கற வீடு இன்னும் எத்தனை இருக்கு?" என்று மேடம் மெல்லக் கேட்டார்.

"எல்லா வீடும் அவருக்குத் தெரியும். ஒவ்வொண்ணுலயும் யாரோ தூங்கறாங்க. எங்கயாவது மறுபடி தீ பிடிச்சா, யாரோ ஒருத்தர் அந்த டப்பாவை நம்பி ஏறுவார்." அக்கா எழுந்தாள். "லைசென்ஸ் போனா போகட்டும். வாங்க, இப்பவே ஸ்டேஷனுக்குப் போவோம். நான் சொன்னா அவர் வாயைத் திறப்பார்."

"நீ உள்ள போய்ச் செருப்பை மாட்டிட்டு வா, நான் எழுத ஆரம்பிக்கிறேன்" என்றேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். "முதல்ல எந்த வீட்டை எழுதறது? பச்சை வீட்டையா?"

"இல்லை" என்றாள் அக்கா. "நம்ம வீட்டை எழுது. டார்ச் பிடிச்சது நான்னும் எழுது."